படைவீரர் தாடி வளர்க்கலாமா?

படைவீரர் ஒருவர் தாடி வளர்க்கலாமா கூடாதா என்ற கேள்வி, நாட்டின் பாதுகாப்பு பற்றிய பெரிய விவாதங்களுக்கு நடுவே இடம்பெறும் தகுதியற்ற சிறு விவகாரமாகப் பலருக்குத் தோன்றலாம். ஆயினும் இந்தச் சிறு விவகாரத்தில் பிறந்த மனக்குமுறலும் சேர்ந்து தமிழகத்தின் கோட்டை ஒன்றில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயிருக்கின்றன. இந்திய உச்ச நீதிமன்றம் அரசியலமைப்புச் சட்டத்தின் பிரிவுகளைப் புரட்டி இதற்கு ஒரு தீர்ப்பு எழுதியிருக்கிறது. பிரிட்டனின் தரைப்படை நெடுங்காலத் தடையை 2024ஆம் ஆண்டில் நீக்க, அமெரிக்கா அடுத்த ஆண்டிலேயே அதற்கு நேர் எதிர்த் திசையில் நடந்திருக்கிறது. சட்டை, தொப்பி, காலணி ஆகியவை பற்றிய விதிகள் எழுப்பாத கொந்தளிப்பை முகமயிர் பற்றிய விதி எழுப்புவதற்குக் காரணம் எளிதானது. சீருடையைப் பணி முடிந்ததும் கழற்றி ஆணியில் மாட்டிவிடலாம். மழித்த முகத்தையோ வளர்த்த தாடியையோ அவ்வாறு கழற்றிவைக்க இயலாது. வீரர் விடுப்பில் ஊருக்குச் செல்லும்போதும், வழிபாட்டுக்கு நிற்கும்போதும், மணமேடையில் அமரும்போதும் படையின் விதி அவருடைய முகத்திலேயே உடன் செல்கிறது. ஆகவே அத்தகைய விதியை வகுக்கும் அரசு, அதற்கு மற்ற உடை விதிகளுக்குச் சொல்லும் காரணத்தைவிட வலுவான காரணம் சொல்லக் கடமைப்பட்டது.

காரணங்கள் காலந்தோறும் மாறிவந்திருக்கின்றன. மாசிடோனியாவின் அலெக்சாண்டர், போரில் எதிரி எளிதாகப் பற்றி இழுக்கும் பிடியாகத் தாடி அமைந்துவிடும் என்பதற்காகத் தம் வீரர்களின் முகத்தை மழிக்கச் செய்தார் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதியுள்ளார். துருக்கியின் ஓட்டோமான் பேரரசில் ஜானிசரிகள் எனப்பட்ட காலாட்படையினர் மீசை மட்டுமே வைக்கலாம், தாடி வைக்கக் கூடாது என்ற விதி, அவர்கள் சுல்தானின் அடிமைகள் என்ற நிலையைக் காட்டும் அடையாளமாக இருந்தது. இதற்கு மாறாக, பிரான்சின் அயல்நாட்டவர் படைப்பிரிவில் பாதை அமைக்கும் முன்னணி வீரர்கள் முழுத்தாடியுடனும் தோல் மேலங்கியுடனும் தோளில் கோடரியுடனும் இன்றும் ஜூலை 14 அணிவகுப்பில் நடந்து செல்கின்றனர். அங்கே தாடிதான் பெருமை. ஆகவே, மழித்த முகமே படைக்குரிய இயல்பான முகம் என்ற எண்ணம் எல்லாக் காலத்துக்கும் எல்லா நாட்டுக்கும் பொதுவானது அன்று.

தமிழ் வாசகருக்கு இப்பொருளில் மிக நெருக்கமான நிகழ்ச்சி வேலூரில் நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைக்குத் தலைமைத் தளபதியாக இருந்த ஜான் கிராடக், 1805ஆம் ஆண்டின் இறுதியிலும் 1806ஆம் ஆண்டின் தொடக்கத்திலும், இந்தியச் சிப்பாய்கள் அனைவரும் ஒரே தோற்றத்தில் இருக்க வேண்டும் என்ற நோக்கில் புதிய உடை விதிகளைப் பிறப்பித்தார். அணிவகுப்பில் நிற்கும்போது நெற்றியில் திருநீறு, நாமம் முதலிய சமயக் குறிகள் இருக்கக் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, முகவாயை மழித்துவிட வேண்டும், மீசையும் ஒரே அளவில் கத்தரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அவ்விதிகள் கூறின. இவற்றோடு, தோலால் ஆன குஞ்சம் பொருத்தப்பட்டு, பார்வைக்கு ஐரோப்பியர் தொப்பியைப் போலவே இருந்த புதிய தலைப்பாகையும் திணிக்கப்பட்டது. சிப்பாய்களை மிகுதியாகக் கொதிக்கச் செய்தது அந்தத் தலைப்பாகைதான் என்பதை வரலாற்றாசிரியர்கள் ஒப்புக்கொள்கின்றனர். எனினும் தலைப்பாகை, நெற்றிக்குறி, தாடி ஆகிய மூன்றையும் சிப்பாய்கள் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. தங்கள் மதத்தை விட்டு விலக்கிக் கிறித்தவராக்குவதற்கான முதற்படி இது என்றே இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருசேர நம்பினர்.

அந்த அச்சத்தைக் காதுகொடுத்துக் கேட்பதற்குப் படைத்தலைமைக்கு வாய்ப்பு இருந்தது. 1806 மே மாதத்தில் புதிய விதிகளை எதிர்த்த சிப்பாய்கள் சிலர் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் தலைக்கு 90 கசையடி கொடுக்கப்பட்டு, இருவரும் படையிலிருந்து நீக்கப்பட்டனர். மேலும் 19 பேருக்குத் தலா 50 கசையடி விதிக்கப்பட்டு, அவர்கள் மன்னிப்புக் கேட்ட பின் அத்தண்டனை கைவிடப்பட்டது. ஒழுங்கு நிலைநாட்டப்பட்டுவிட்டதாகக் கம்பெனி அதிகாரிகள் கருதியிருக்க வேண்டும். இரண்டு மாதங்கள் கழிந்து, ஜூலை 10ஆம் நாள் விடியும் முன், வேலூர்க் கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் எழுந்தனர். 69ஆவது ரெஜிமெண்டைச் சேர்ந்த ஆங்கிலேய வீரர்கள் 115 பேரும் அதிகாரிகள் 14 பேரும் கொல்லப்பட்டனர். கோட்டைக்குள் குடியமர்த்தப்பட்டிருந்த திப்பு சுல்தானின் குடும்பத்தினருக்கும் இதில் பங்கு இருந்ததாகக் கூறப்படுவதால், உடை விதி ஒன்றே இவ்வெழுச்சிக்குக் காரணம் என்று சொல்வது மிகை. ஆனால் உடை விதி இல்லாதிருந்தால் மூன்று பட்டாளங்களின் சிப்பாய்கள் ஒரே மனத்துடன் திரண்டிருப்பார்களா என்பது ஐயமே.

ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் விரைந்து வந்த ரோலோ கில்லெஸ்பி அன்று பகலிலேயே எழுச்சியை அடக்கினார். சரணடைந்தவர்களும் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டனர். சுமார் 350 சிப்பாய்கள் மாண்டனர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. பங்கேற்ற மூன்று பட்டாளங்களும் கலைக்கப்பட்டன. அதன் பின்னர் நடந்ததுதான் இங்கே சிந்திக்கத்தக்கது: அத்தனை உயிர்களைப் பலிகொண்ட விதிகள் திரும்பப் பெறப்பட்டன, அவற்றை வகுத்த கிராடக்கும், ஒப்புதல் அளித்த ஆளுநர் வில்லியம் பெண்டிங்க்கும் இங்கிலாந்துக்குத் திருப்பி அழைக்கப்பட்டனர். சிப்பாயின் முகவாயை மழித்தால் அவர் மேலும் சிறந்த வீரராவார் என்று கருதியவர்கள், சிறந்த வீரர்களாகவே இருந்தவர்களை எதிரிகளாக்கிக்கொண்டார்கள்.

இந்தியச் சிப்பாயின் முகத்தை மழிக்க முயன்ற அதே பிரித்தானியர், அரை நூற்றாண்டுக்குப் பின் தம் சொந்த வீரர்களின் மேலுதட்டை மழிக்கக் கூடாது என்று கட்டளையிட்டது வரலாற்றின் வியப்பான திருப்பங்களுள் ஒன்று. 1853 முதல் 1856 வரை நடந்த கிரீமியப் போரின் கடுங்குளிரில், சவர்க்காரமும் வெந்நீரும் கிடைக்காத நிலையில், பிரித்தானிய வீரர்கள் தாடியும் மீசையுமாக ஊர் திரும்பினர். மக்கள் அவர்களை வீரத்தின் உருவமாகக் கண்டனர். பின்னர் மன்னரின் படை ஒழுங்குவிதிகளில், முகவாயும் கீழுதடும் மழிக்கப்பட வேண்டும், மேலுதடு மழிக்கப்படக் கூடாது என்ற விதி இடம்பெற்றது. அதாவது மீசை கட்டாயம், தாடி குற்றம். முதல் உலகப் போரில் இலட்சக்கணக்கான இளைஞர்கள் படையில் சேர்ந்தபோது, மீசை வைக்க விரும்பாதவர்களும் மீசை முளைக்காதவர்களும் இவ்விதியால் தொல்லைப்பட்டனர். 1916 அக்டோபரில் அதை நீக்கும் ஆணையில் கையொப்பமிட்ட ஜெனரல் நெவில் மாக்ரெடி, விதிக்குக் கட்டுப்பட்டுத் தாம் வேண்டாவெறுப்பாக வைத்திருந்த மீசையை உடனே மழித்துக்கொண்டார். நச்சுவாயு முகமூடியின் பொருட்டே மீசை விதி நீக்கப்பட்டது என்று பலரும் எழுதுவதுண்டு. அந்த ஆணையைப் பிறப்பித்தவரின் செய்கையைப் பார்த்தால், வழக்கொழிந்த ஒரு பழக்கத்தை விதிப்புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பதே பொருத்தமாகப் படுகிறது.

இதே பேரரசு சீக்கியர்களிடம் வேறொரு வழியைக் கையாண்டது. சீக்கிய சமயத்தில் கால்சா எனப்படும் உறுதிமொழி ஏற்ற அணியினர் உடலின் எந்த மயிரையும் களையாமல் காக்க வேண்டும். கேசம் எனப்படும் இது அவர்களுடைய ஐந்து அடையாளங்களுள் முதன்மையானது. பஞ்சாபைக் கைப்பற்றிய பின் சீக்கியர்களைப் படையில் சேர்த்த பிரித்தானியர், அவர்கள் கேசத்தையும் தாடியையும் காக்க வேண்டும் என்பதையே படை விதியாக்கினர். தீட்சை பெறாமல் சேர்ந்தவர்களுக்குப் படைப்பிரிவிலேயே தீட்சை ஏற்பாடு செய்யப்பட்டது. தாடியுடன் இருந்த அந்தப் படைப்பிரிவுகள் ஒழுங்கில் குறைந்தவை என்று எவரும் சொன்னதில்லை. 1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தானியப் படையின் சரணாகதிப் பத்திரத்தில் ஜெனரல் நியாசி கையொப்பமிட்டபோது அருகில் அமர்ந்திருந்தவர், தலைப்பாகையும் தாடியுமாக இருந்த லெப்டினண்ட் ஜெனரல் ஜக்ஜித் சிங் அரோரா. 1965ஆம் ஆண்டுப் போரில் இந்திய விமானப்படைக்குத் தலைமை தாங்கிய அர்ஜன் சிங், தாடியுடனேயே போர் விமானம் ஓட்டிப் பழகியவர். ஆக, தாடி ஒழுங்கைக் குலைக்கும் என்ற பொதுவான வாதத்தை எழுப்புவதற்கு உலகிலேயே மிகக் குறைந்த உரிமை உடைய நாடு இந்தியாதான்.

ஒழுங்கு பற்றிய வாதம் இவ்வாறு வலுவிழந்தாலும், மற்றொரு வாதத்தை அவ்வாறு எளிதாகத் தள்ளிவிட முடியாது. அது நச்சுவாயு முகமூடி பற்றியது. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே ஜெர்மானியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டபோது, நேச நாட்டு வீரர்களிடம் எந்தப் பாதுகாப்பும் இருக்கவில்லை. சில நாள்களில் அதே களத்துக்கு அனுப்பப்பட்ட இந்தியப் படையின் லாகூர் டிவிஷனில் சீக்கியப் பட்டாளங்களும் இருந்தன. நனைத்த துணியை வாயிலும் மூக்கிலும் பொத்திக்கொள்வதே அப்போது அனைவருக்கும் இருந்த ஒரே வழி. அதற்குப் பின் உருவான முகமூடிகள், முகத்தோடு இறுக ஒட்டும் ரப்பர் விளிம்பையும், காற்றை வடிகட்டும் குப்பியையும் கொண்டவை. அமெரிக்கா போரில் இறங்கியபின் தன் வீரர்களுக்கு ஜில்லெட் நிறுவனத்திடமிருந்து வாங்கிக்கொடுத்த சவரக்கருவிகள் சுமார் 35 லட்சம். நாள்தோறும் சவரம் செய்துகொள்ளும் பழக்கம் அந்நாட்டு ஆண்களிடையே வேரூன்றியதற்கு அக்கருவிகளுடன் ஊர் திரும்பிய வீரர்களும் ஒரு காரணம்.

முகமூடிக்கும் தாடிக்கும் உள்ள பகை எங்கே பிறக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். இத்தகைய முகமூடியை அணிந்தவர் மூச்சை உள்ளிழுக்கும்போது, முகமூடிக்குள் காற்றழுத்தம் வெளியே உள்ளதைவிடக் குறைகிறது. அந்தக் குறைவை ஈடுசெய்ய வெளிக்காற்று எந்த வழி எளிதோ அந்த வழியாக உள்ளே புகுகிறது. விளிம்பு தோலோடு முழுதாக ஒட்டியிருந்தால், காற்றுக்கு வடிகட்டியைத் தவிர வேறு வழியில்லை. விளிம்புக்கும் தோலுக்கும் இடையே மயிர் இருந்தால், ஒவ்வொரு மயிரும் விளிம்பைச் சிறிது தூக்கி நுண்ணிய இடைவெளிகளை உண்டாக்குகிறது. வடிகட்டியின் அடர்ந்த அடுக்குகளைத் துளைப்பதைவிட அந்த இடைவெளிகள் வழியே நுழைவது காற்றுக்கு எளிது. சாரின் போன்ற நரம்பு நஞ்சு மிகச் சிறிய அளவிலேயே கொல்லக்கூடியது என்பதால், இங்கே சிறு கசிவு என்பதும் சிறிய செய்தி அன்று. பொருத்தச் சோதனை எனப்படும் முறையில், முகமூடிக்கு வெளியே உள்ள காற்றின் நுண்துகள்களையும் உள்ளே புகுந்துவிட்ட துகள்களையும் கருவி கொண்டு எண்ணி, இரண்டுக்கும் உள்ள விகிதத்தால் பாதுகாப்பை அளக்கின்றனர். தாடியின் நீளமும் அடர்த்தியும் கூடக்கூடப் பாதுகாப்பு குறைவதை இச்சோதனைகள் காட்டுகின்றன. நேட்டோ நாடுகளின் வீரர்கள் எச்சரிக்கை கேட்ட 9 நொடிக்குள் முகமூடியை அணியப் பழக்கப்படுகின்றனர். அந்த 9 நொடியில் தாடியை மழிக்க முடியாது.

எனவே முகமூடி வாதம் உண்மையானது. ஆனால் அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதே கேள்வி. வேதியியல் ஆயுதத் தாக்குதல் நிகழக்கூடிய களத்துக்கு அனுப்பப்படும் பிரிவினருக்கு முன்கூட்டியே மழிக்க ஆணையிடலாம் என்பது அதிலிருந்து நியாயமாகக் கிடைக்கும் முடிவு. கணக்கு அலுவலகத்தில் பணிபுரியும் வீரரும், பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்துபவரும், பணிக்காலம் முழுவதும் ஒவ்வொரு காலையும் மழித்தாக வேண்டும் என்பது அதிலிருந்து கிடைக்காது. அமெரிக்காவின் சிறப்புப் படையினர் 2001க்குப் பின் ஆப்கானிஸ்தானில், அந்நாட்டு ஆண்களிடையே தாடியே மதிப்புக்குரியது என்பதால், மாதக்கணக்கில் தாடி வளர்த்துப் பணியாற்றினர். மிக இடர் மிகுந்த பணியைச் செய்தவர்களுக்கே தடை தளர்த்தப்பட்டது. நார்வே, டென்மார்க் முதலிய நேட்டோ நாடுகள், அதே ஆபத்துகளை எதிர்நோக்கியபடியே ஒழுங்கான தாடியை அனுமதிக்கின்றன.

தொழில்நுட்பமும் நின்றுவிடவில்லை. கோவிட் தொற்றுக் காலத்தில் பிரிட்டனின் மருத்துவமனைகளில் பணிபுரிந்த சீக்கிய மருத்துவர்கள், சீக்கியர்கள் தாடியைக் கட்டிவைக்கப் பயன்படுத்தும் துணியின் வடிவிலேயே, நெகிழும் ரப்பர் பட்டை ஒன்றை முகவாயின் அடியிலிருந்து தலையுச்சிவரை இறுகக் கட்டி, அதன் மேல் முகமூடியை அணிந்து பொருத்தச் சோதனைக்கு உட்பட்டனர், பெரும்பாலோர் தேறினர். மயிர்மேல் பதியாத விளிம்பு வழுவழுப்பான ரப்பர்மேல் பதிந்தது என்பதே அதன் சூட்சுமம். மருத்துவமனைக் கிருமிகளுக்கு எதிராகத் தேறிய முறை போர்க்கள நஞ்சுக்கும் போதும் என்று அதைக்கொண்டே முடிவுகட்ட முடியாது. ஆனால் தீர்வைத் தேடினால் வழி திறக்கும் என்பதற்கு அது சான்று. முழுத் தடையை விதித்துவிட்ட படைத்துறைக்கோ அப்படித் தேடவேண்டிய தேவையே எழுவதில்லை.

கட்டாயச் சவரத்தால் சிலருக்கு உடலே நோகிறது என்பது பொதுவாக இந்த விவாதத்தில் பின்னுக்குத் தள்ளப்படும் உண்மை. சுருள் மயிர் உடையவர்கள் ஒட்ட மழிக்கும்போது, வெட்டுண்ட மயிரின் நுனி கூர்மையாகி, வளைந்து மீண்டும் தோலுக்குள்ளேயே துளைத்து நுழைகிறது. உடல் அதை அயற்பொருளாகக் கருதி எதிர்ப்பதால் அவ்விடம் சிவந்து வீங்கிச் சீழ்க்கொப்புளமாகி, நாளடைவில் தழும்பாகத் தடிக்கிறது. சவரக் கொப்புள நோய் என்று சொல்லத்தக்க இதற்குச் சிறந்த மருந்து சவரத்தை நிறுத்துவதே. கறுப்பின ஆண்களிடையே இது மிக அதிகம் என்பதால், அமெரிக்கப் படைகளில் மருத்துவச் சான்றின்பேரில் சவர விலக்குப் பெற்றவர்களில் அவர்களே பெரும்பான்மையினர். அந்நாட்டு விமானப்படையினரிடம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வு ஒன்று, விலக்குப் பெற்றவர்களுக்குப் பதவி உயர்வு கிடைக்கக் காலம் கூடுதலாகிறது என்று கண்டது. எல்லோருக்கும் ஒன்றே என்று எழுதப்பட்ட விதி எல்லோர் தோலிலும் ஒரே சுமையாக இறங்கவில்லை.

இந்தியாவில் இக்கேள்வி நீதிமன்றத்துக்குச் சென்றது மதத்தின் வழியாக. 1964ஆம் ஆண்டு விமானப்படை ஒழுங்குவிதிகளின் 425ஆம் விதி, மயிரை வெட்டுவதையோ முகத்தை மழிப்பதையோ எவருடைய மதம் தடைசெய்கிறதோ அவர்கள் தாடி வைக்கலாம் என்று கூறுகிறது. சீக்கியருக்கு இதில் சிக்கலே இல்லை. முஸ்லிம் வீரர்களைப் பொறுத்தவரை, 2002 ஜனவரி 1க்கு முன் படையில் சேர்ந்தபோதே தாடி வைத்திருந்தவர்கள் அதைத் தொடரலாம், மற்றவர்களுக்கு அனுமதி இல்லை என்று 2003ஆம் ஆண்டுக் கொள்கைக் கடிதம் ஒன்று வரையறுத்தது. இதை எதிர்த்து விமானப்படை வீரர்கள் தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி டி.எஸ். தாக்கூர், நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், எல். நாகேஸ்வர ராவ் ஆகியோர் 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்பளித்தனர். அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மதச் சுதந்திரத்தை அளித்தாலும், 33ஆம் பிரிவு ஆயுதப்படையினரைப் பொறுத்தமட்டில் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. மழிப்பதை மதம் தடைசெய்கிறது என்று நிறுவப்படவில்லை, தாடி வைப்பது விரும்பத்தக்கது என்று மட்டுமே காட்டப்பட்டது. ஆகவே 425ஆம் விதி இவர்களுக்குப் பொருந்தாது என்பது தீர்ப்பின் சாரம்.

எழுதப்பட்ட விதியின் சொற்களுக்குள் நின்று பார்த்தால் இத்தீர்ப்பைக் குறை கூறுவது கடினம். குறை விதியின் அமைப்பிலேயே இருக்கிறது. மதம் தடைசெய்கிறதா, விரும்பச் செய்கிறதா, அனுமதிக்கிறதா என்ற நுண்வேறுபாட்டைச் சமய அறிஞர்களே பல நூற்றாண்டுகளாக விவாதித்துவர, அதற்கு ஒரு படை அதிகாரியோ நீதிமன்றமோ முடிவு சொல்ல வேண்டிய நிலையை அந்த விதி உண்டாக்குகிறது. தாடியுடன் இருக்க விரும்பும் வீரர், தாம் நல்ல வீரரா என்பதற்குப் பதிலாகத் தம் மதம் போதுமான அளவு கண்டிப்பானதா என்பதை மெய்ப்பிக்க வேண்டியவராகிறார். எம்மதத்தையும் சாராமல் தாடி வைக்க விரும்புபவருக்கு வழக்காடவும் வழியில்லை.

தமிழ்நாட்டில் காவல்துறை தொடர்பாக வந்த வழக்கு ஒன்று இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. காவல்துறை படைத்துறை அன்று. 33ஆம் பிரிவு அதற்கும் நீள்கிறது எனினும் இரண்டின் பணிகள் வேறு. மெக்கா பயணத்துக்குச் சென்று திரும்பிய முஸ்லிம் காவலர் ஒருவர் தாடி வைத்திருந்ததையும் விடுப்பு நீட்டிப்புக் கேட்டதையும் குற்றமாக்கி அவருடைய ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டபோது, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024இல் அத்தண்டனையை நீக்கியது. நீதிமன்றத்துக்குத் துணைநின்றது, முஸ்லிம் காவலர்கள் சீராகக் கத்தரித்த தாடி வைத்துக்கொள்ளலாம் என்று 1957ஆம் ஆண்டு மதராஸ் காவல்துறை அரசிதழில் வெளியான ஆணை. விதி தெளிவாக அனுமதித்ததால் மதநூல்களைப் புரட்டவேண்டிய வேலை நீதிமன்றத்துக்குக் குறைந்தது. ஆனால் அந்த அனுமதியும் ஒரு மதத்தாருக்கு மட்டுமே என்பதால், வேறு மதத்தைச் சேர்ந்த காவலர் ஒருவர் அதே தாடிக்காகத் தண்டிக்கப்படலாம்.

அமெரிக்காவின் பாதை மேலும் அலைக்கழிப்பானது. 1970இல் கடற்படைத் தலைவர் அட்மிரல் எல்மோ ஜம்வால்ட் கடற்படையினருக்குத் தாடியை அனுமதித்தார். 1984ஆம் ஆண்டின் இறுதியோடு அது முடிவுக்கு வந்தது. 2009 முதல் சீக்கியர் சிலருக்குத் தனித்தனியே விலக்கு அளிக்கப்பட்டு, 2017இல் தரைப்படையில் அந்த விலக்கு எளிதாக்கப்பட்டது. மரைன் படை சீக்கியருக்குப் பயிற்சிக் காலத்தில் தாடியை மறுத்ததை, பிற காரணங்களுக்கு விலக்கு தருபவர்கள் மதத்துக்கு மட்டும் மறுப்பது எவ்வாறு என்று வினவி, 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்தியது. 2025 செப்டம்பர் 30 அன்று படைத்தலைவர்களைக் கூட்டி உரையாற்றிய பாதுகாப்புச் செயலர் பீட் ஹெக்செத், தாடிக் காலம் முடிந்தது என்று அறிவித்து, 2010க்கு முந்தைய நிலைக்குத் திரும்ப ஆணையிட்டார்; சவரக் கொப்புள நோய் உடையவர்கள் ஓராண்டு சிகிச்சைக்குப் பிறகும் மழிக்க இயலாவிட்டால் படையைவிட்டு விலக்கப்படக்கூடும் என்றும் ஆயிற்று. சிறப்புப் படையினருக்கு மட்டும் தேவைக்கேற்ப இடம் விடப்பட்டது. விலக்கு என்பது அளிப்பவரின் மனநிலையோடு கட்டுண்டது. ஆட்சி மாறினால் அதுவும் போய்விடும் என்பதை இந்நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

பிரிட்டனும் கனடாவும் தேர்ந்தெடுத்த வழி வேறு. பிரிட்டனின் கடற்படை 1869 முதலே தாடியை அனுமதிக்கிறது. அங்கே வீரர் சவரத்தை நிறுத்துவதற்கு அனுமதி கேட்க வேண்டும், மீசையும் தாடியும் சேர்ந்த முழுத்தாடியாகவே அது இருக்க வேண்டும், சில வாரங்களில் அது செழிப்பாக வளரவில்லை என்று மேலதிகாரி கருதினால் மழித்துவிட வேண்டும். விமானப்படை 2019இல் அனுமதித்தது. நான்காண்டுக்கும் மேலாகத் தயங்கிய தரைப்படை 2024 மார்ச் இறுதியில் இசைந்தது. தாடியின் நீளம் 2.5 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் 25.5 மில்லிமீட்டருக்கு மிகாமலும் இருக்க வேண்டும், கழுத்திலும் கன்ன எலும்பிலும் மயிர் களையப்பட்டிருக்க வேண்டும், திட்டுத்திட்டாக வளர்ந்த தாடிக்கு இடமில்லை, முகமூடி தேவைப்படும் பணிகளுக்கு ஆணை வந்தால் மழிக்க வேண்டும் என்று விதிகள் எழுதப்பட்டன. கனடா 2018 செப்டம்பரிலேயே இதைப் போன்ற விதியைக் கொண்டுவந்தது. இந்நாடுகளில் எவரும் எந்தக் கடவுளை வணங்குகிறார் என்று சொல்லத் தேவையில்லை. அளவுகோலும் கத்தரிக்கோலும் போதும்.

ஒரே தோற்றம் ஒரே மனத்தை வளர்க்கும் என்பதைப் படைத்துறையினர் அனுபவத்தால் சொல்கின்றனர். அதை எளிதாக ஒதுக்கக் கூடாது. பயிற்சியின் முதல் வாரங்களில், பல ஊர்களிலிருந்தும் பல வகுப்புகளிலிருந்தும் வந்தவர்களை ஒரே அணியாக்குவதற்கு ஒரே முடிவெட்டும் ஒரே சீருடையும் உதவுகின்றன. வரம்பற்ற தளர்வு எங்கே கொண்டுபோய்விடும் என்பதையும் மேற்கு ஜெர்மனி காட்டியது: 1971இல் பாதுகாப்பு அமைச்சர் ஹெல்முட் ஷ்மிட் காலத்தில், நீண்ட முடியையும் தாடியையும் வலைக்குள் அடக்கிக்கொண்டால் போதும் என்று அனுமதிக்கப்பட்டு, தோல்நோயும் துப்புரவுக் குறைவும் ஏற்பட்டதால் அடுத்த ஆண்டே முடி பற்றிய அந்த ஆணை திருத்தப்பட்டது. ஆனால் இந்த எடுத்துக்காட்டு வேண்டுவது வரம்பைத்தான். முழுத் தடையை அன்று. நீளமும் வடிவமும் வரையறுக்கப்பட்ட தாடியும் ஒழுங்கே; அதைக் கடைப்பிடிக்க நாள்தோறும் மழிப்பதைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். பயிற்சிக் காலம் முடியும்வரை எல்லோரும் மழித்திருக்க வேண்டும் என்று ஒரு படை விதித்தால், மதக் கட்டாயம் உடையவர்களை மட்டும் விலக்கி, அதிலும் நியாயம் காண முடியும்.

இந்தியக் கடற்படையில் கட்டளை அதிகாரியின் அனுமதியுடன் தாடி வைக்கும் வழக்கம் ஏற்கெனவே உள்ளது. தரைப்படையிலும் விமானப்படையிலும் சீக்கியர் தாடியுடன் தலைமைப் பொறுப்புவரை உயர்ந்திருக்கின்றனர். ஆகவே இந்த நாட்டுக்கு வேண்டியது புதிய சோதனை அன்று. ஒரு பகுதியினர் செவ்வனே கடைப்பிடித்துக் காட்டிவிட்ட நடைமுறையை மதவேறுபாடின்றி எல்லோருக்கும் விரிப்பதே. தாடிக்கு உரிய நீளத்தை மில்லிமீட்டரில் எழுதி, பயிற்சிக்கும் நச்சுவாயு அபாயமுள்ள பணிக்கும் மழிக்க ஆணையிடும் அதிகாரத்தைக் கட்டளை அதிகாரிக்குத் தந்து, மழிக்க இயலாத சீக்கியர் போன்றோருக்கு மாற்று முகமூடியைத் தேடும் பொறுப்பை அரசு ஏற்க வேண்டும். 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பு இதற்குத் தடையாகாது. விமானப்படை தடைவிதிக்கலாம் என்றுதான் அது கூறியது, தடைவிதித்தே ஆக வேண்டும் என்று கூறவில்லை. அரசியலமைப்பைத் திருத்தவேண்டிய தேவையும் இல்லை; 425ஆம் விதியில், மதம் பற்றிய சொற்களை எடுத்துவிட்டு அளவு பற்றிய சொற்களைச் சேர்த்தாலே போதும்.